கன்னியம்மாவைக் கூப்பிட்டது யார்

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரிகளே. செத்துப்போனது என் வீட்டுக்காரரா, நானா என்று எனக்கே சந்தேகம் வந்த சில மாதங்களைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். இப்போது சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

புதுப்பட்டினம் மார்க்கெட் தெருவில் அவருக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. வாளி, முறம், டிபன் பாக்ஸ், பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில். போன வருஷம் ஜூலை மாதம் ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் அம்மாவும் அத்தாவும் முன்னமே போய்விட்டார்கள். செங்கல்பட்டில் ஒரே ஒரு அண்ணன். வந்தார், அழுதார், மூன்றாம் நாள் ஓதலுக்கு இருந்தார், போனார்.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, அவசியமில்லாமல் வெளியே போகக் கூடாது. மார்க்கம் சொல்வது இவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்கு மேல் நாலு முழம் கூட்டித் தைத்தார்கள். கொழுந்தனும் அதே வீட்டில் இருப்பதால் அவர் கண்ணில் நான் படக் கூடாது என்று பின்பக்க அறையைக் கொடுத்தார்கள். கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். பீரோவில் இருந்த கண்ணாடியைப் பழைய போர்வையால் மூடிக் கட்டினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அப்படித்தான்" என்றார் மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா. வெள்ளைச் சேலை ரெண்டு. ஒரு மண்பானைத் தண்ணீர். ஆள் உயரத்துக்கு மேலே கம்பி வைத்த ஒரு சின்ன ஜன்னல். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத பின்சந்து. அறையை ஒட்டியே குளியலறை இருந்ததால் நான் வெளியே தலை காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

நாற்பதாம் நாள் வரை பெண்கள் வந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் வரும். கதவில் ரெண்டு தட்டு, தரையில் எவர்சில்வர் வைக்கும் சத்தம், திரும்பிப் போகும் செருப்புச் சத்தம். நான் கதவைத் திறக்கும்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலில் என் பேர் போயிற்று. "உள்ள இருக்கிற ஆளுக்கு வச்சாச்சா?" என்று மாமி கேட்பார். கொஞ்ச நாளில் அது "உள்ள வச்சாச்சா?" ஆனது. பிறகு அதுவும் இல்லை. என் போனுக்கு என் வீட்டுக்காரர்தான் ரீசார்ஜ் போடுவார். ஆகஸ்ட்டில் அது தீர்ந்துபோனது. ஒரு ஆளாவது 'ஏன் உன் போன் வேலை செய்யல' என்று கேட்டு வருவார்கள் என்று பார்த்தேன். இத்தாவில் இருப்பவள் பேச மாட்டாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள் போல.

செப்டம்பரில் ஒரு மதியம் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். மாமி கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் எதிரில், பத்தடி தூரத்தில். "மாமி" என்றேன். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக, "மாமி!" என்றேன். அவர் தலையைத் தூக்கினார். நேராக என் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் கீரைக்குள் குனிந்துகொண்டார். அந்தப் பார்வையில் நான் இல்லை. அவருக்குக் காது மந்தம், கண்ணில் புரை, எனக்குத் தெரியும். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரமோ என்னவோ, கொசு ஒழிப்புக்கு வந்த ஒரு பெண் வாசலில் நின்று, "வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டாள். கொழுந்தனின் மனைவி, என் ஓர்ப்படி நூர்ஜஹான் கொஞ்சம்கூட யோசிக்காமல், "அஞ்சு பேரு" என்றாள். நான் உள்ளே விரல் விட்டு எண்ணினேன். மாமி, கொழுந்தன், நூர்ஜஹான், அவள் பெண்கள் ரெண்டு பேர். சரியாக அஞ்சு. கணக்கில் தப்பே இல்லை.

அன்றைக்குத்தான் அந்த நினைப்பு வந்தது. வெள்ளைத் துணி கட்டியிருப்பது யார்? நான். இருட்டறையில் இருப்பது யார்? நான். பேரைச் சொல்லாமல் நினைவுகூரப்படுவது யார்? ஒருவேளை அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்காதது நானாக இருந்தால்? அவர் கடையில் உயிரோடு வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தால்? மணிக்கட்டில் நாடி பார்த்தேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. ஒன்றும் தட்டுப்படவில்லை. பீரோக் கண்ணாடியின் போர்வையை விலக்கிப் பார்க்கலாம் என்று அதன் முடிச்சுவரை கையைக் கொண்டுபோனேன். விலக்கவில்லை. விலக்கினால் உள்ளே ஒருவரும் நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. குளித்துவிட்டு வந்தால் ஈரக்கால் தடம் தரையில் விழுகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பேன். விழும். அது காயும்வரை கொஞ்சம் தைரியம்.

அல்லாஹ்விடம் கேட்டேன். பணிவாக ஒன்றும் கேட்கவில்லை, கோபமாகத்தான் கேட்டேன். "யா அல்லாஹ், நீயாவது என்னைப் பார்க்கிறாயா? பார்க்கிறாய் என்றால் என் பேரை யாராவது ஒரு ஆள் வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரு தடவை போதும்." ஒவ்வொரு நாள் மதியமும் லுஹர் தொழுகைக்குப் பிறகு இதே துஆ. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. அவனும் மற்றவர்களைப் போல என்னை மறந்துவிட்டான் என்றே நினைத்தேன். சகோதரிகளே, மனிதர்கள் மறந்ததை எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். இதைத் தாங்க முடியவில்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. எனக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் வலி. தொண்டை கட்டி, வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வரும், குரல் வராது. தட்டு வந்தது, அப்படியே திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி அப்படியே போனது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க ஆள் இல்லை.

காய்ச்சலின் ரெண்டாம் நாள் மதியம் ஒன்று நடந்தது. மழை விட்டு வெயில் வந்திருந்தது. ஜன்னலிலிருந்து வெளிச்சம் தரையில் நாலு கம்பிக் கோடுகளாக விழுந்துகிடந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவில் ஒரு நிழல் வந்து நின்றது. தலை, தோள். அந்த ஜன்னலுக்கு வெளியே எதன் மேலாவது ஏறி நின்றால் ஒழிய யாரும் எட்ட முடியாது. சந்தில் காலடிச் சத்தமும் இல்லை. காக்கை எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தன. நான் மேலே பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நிழல் போய்விட்டது. காய்ச்சலில் கண்டது என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

அதற்கு மறுநாள் நூர்ஜஹானின் சொந்தத்தில் ஒரு நிக்காஹ். மாமல்லபுரத்தில் மண்டபம். காலையிலேயே வீடு முழுக்க அத்தர் வாசனையும் வளையல் சத்தமும். வேன் வந்து ஹாரன் அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். நாஸ்தா மண்டபத்தில்தான் என்பதால் அன்றைக்குத் தட்டும் வரவில்லை. முன்பக்க இரும்பு கேட்டைச் சாத்தி வெளியே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது.

பூட்டியதை நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் அது ஒரு பழக்கம். இத்தாவில் இருக்கும் பெண் தனியாக இருக்கும்போது யாராவது அந்நிய ஆண் தெரியாமல் உள்ளே வந்துவிடக் கூடாது என்று வெளியே பூட்டுவார்கள். ஆனால் அப்படிப் பூட்டினால் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே வைத்துவிட்டுப் போவார்கள், இல்லை பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுப்பார்கள். நூர்ஜஹான் சாவியைக் கொடுத்திருப்பாள் என்று மாமி நினைத்தார். மாமி துணைக்கு ஆள் சொல்லியிருப்பார் என்று நூர்ஜஹான் நினைத்தாள். பக்கத்து வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். ஒரு ஆளுக்குக்கூட என் நினைப்பு வரவில்லை.

பானையில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. குளியலறைக் குழாயில் காற்று வந்தது. மோட்டார் போட வேண்டும், ஸ்விட்ச் கூடத்தில் இருக்கிறது. என் அறைக் கதவு மழையில் உப்பி நிலையோடு இறுகிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தபோது கால் மடங்கி அங்கேயே விழுந்தேன். மூக்கிலிருந்து ரத்தம் கொஞ்சம் வந்து சேலையில் பட்டது. கத்திப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை.

தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். அப்போது என் துஆ தானாக மாறிவிட்டது. "பேர் எல்லாம் வேண்டாம் ரப்பே. யாரும் சொல்ல வேண்டாம். நீ பார்த்துக்கொண்டிரு, அது போதும்." இதை மனசுக்குள்தான் சொன்னேன். சொன்னதும் பயம் போய்விட்டது. என் தலைமாட்டில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. தொடவில்லை, பேசவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளை தூங்கும்வரை பக்கத்தில் இருப்பார்களே, அப்படி. நான் எப்போது அழுகையை நிறுத்தினேன் என்று தெரியாது. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா மீன் வாசனையோடு உட்கார்ந்திருந்தாள். தெரிந்த முகம்தான். குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். வாசலில் "மீனேய்" என்று குரல் கொடுப்பாள், நாங்கள் "ஏ மீனு, இங்க வா" என்போம். அவ்வளவுதான் பழக்கம்.

"முழிச்சிகினியா? அப்பாடா," என்றாள். "உம்பேரு இன்னாம்மா? சீட்டு எழுதற பொண்ணு வந்து வந்து கேட்டுகினு போது. எனக்கு இன்னா தெரியும்? பாய் வூட்டு மருமவள்னு சொல்லிக்கீறேன்."

உதட்டை அசைத்தேன். அவள் காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"ஆபிதாவா? ஆபிதா... நல்லா கீதே பேரு." எழுந்து நின்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "எம்மா நர்ஸு! பேரு ஆபிதாவாம்! ஆபிதா!"

இத்தனை மாதமாக ஒரு ஆள் வாயில் வராத பேர். கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

"அழுவாத. டெங்குவாம். ரத்தம் ஏத்துனாங்கோ. சாயங்காலம் வரைக்கும் உட்ருந்தா அவ்ளோதானாம், டாக்டரு சொல்லிச்சு." கொஞ்ச நேரம் என் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அது கெடக்கட்டும். எம்பேரு மட்டும் உனுக்கு எப்டித் தெரியும்?"

நான் புரியாமல் பார்த்தேன்.

"கூப்ட்டியேம்மா. கன்னியம்மா, கன்னியம்மான்னு."

அவள் பேர் கன்னியம்மா என்று எனக்கு அந்த நொடியில்தான் தெரியும். தலையை ஆட்டினேன். இல்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். குரலே இல்லை.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொல்கிறேன். அன்றைக்கு மீன் சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிட்டது. அவள் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தாண்ட வேண்டும். பஸ்ஸும் லாரியும் ஓடுகிற ரோடு.

"பின்னாடி இருந்து கூப்ட்டா மாரி இருந்திச்சு. பொம்பள கொரலு. தூரமா இல்ல, கழுத்துகிட்ட மூச்சு படுதே, அவ்ளோ கிட்ட. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல. சர்தான், வெயிலு கிறுகிறுப்புன்னு ஆட்டோல கால வெச்சேன். மறுக்காவும் கூப்டுது. இறங்கிட்டேன். நடந்தா முன்னாடி போய்கினே கூப்டுது. உங்க வூட்டுக்கு வந்தா பூட்டிக் கீது. ஆனா கொரலு பின்னாடி சந்துல இருந்து வருது."

அவள் சந்துக்குப் போயிருக்கிறாள். மீன் கொண்டுவரும் அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஏறிக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி உள்ளே பார்த்திருக்கிறாள். கதவோரம் வெள்ளைத் துணி மூட்டையாக ஏதோ கிடந்தது. அசையவில்லை. கத்தி ஊரைக் கூட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அந்த வீட்ல யாரும் இல்லம்மா, எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். "யாரும் இல்லன்னா என்னிய கூப்ட்டது ஆரு?" என்று கேட்டுவிட்டு, தெருவில் கிடந்த கருங்கல்லை எடுத்துப் பூட்டை உடைத்திருக்கிறாள். இத்தாவில் இருக்கிற பெண் என்று தெரிந்ததும் ஆண்கள் வாசலிலேயே தயங்கி நின்றுவிட்டார்கள். கன்னியம்மா ஒருத்திதான் உள்ளே வந்து, கதவைத் தோளால் இடித்து, என்னைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"உள்ள வந்ததும் கொரலு நின்னுடிச்சு," என்றாள்.

நான் கூப்பிடவில்லை என்பது அவளுக்கு மெதுவாக உறைத்தது. கையில் மயிர் குத்திட்டு நின்றது, தேய்த்துக்கொண்டாள். வார்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. 

பிறகு அவளே சொன்னாள். "எங்க ஆத்தா செத்துப்பூட்டதுக்கு அப்பால எம்பேர ஒருத்தரும் சொன்னதில்லம்மா. தெருவுல மீனு. வூட்ல ஏய், கெய்வி. ரேஷன் கடைல கூட எம்புள்ளைதான் போவும். அந்தப் பேரு எனக்கே மறந்து பூட்ச்சு. அதான் நின்னேன். மீனுன்னு கூப்ட்டிருந்தா சரக்கு தீந்துட்ச்சுன்னு போய்கினே இருந்திருப்பேன்."

என் உடம்பு சிலிர்த்துப்போனது இங்கேதான். என் பேரை யாராவது சொல்லட்டும் என்று நான் மாதக்கணக்கில் அழுதேன். என்னைப் போலவே பேரில்லாமல் நடமாடிக்கொண்டிருந்த இன்னொருத்தியை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவள் வாயால் என் பேரைச் சொல்ல வைத்தான் அவன். எங்கள் ரெண்டு பேரையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் ரோட்டில் நின்றதும் தெரியும், நான் தரையில் கிடந்ததும் தெரியும். அவன் என்னை நேசிக்கிறான் என்பதை ஊசி ஏறிய கையோடு, மீன் வாசனைக்கு நடுவில் நான் நம்பினேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

சாயங்காலம் மாமியும் நூர்ஜஹானும் கல்யாணப் பட்டோடு ஓடி வந்தார்கள். மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் நூர்ஜஹான். எந்தச் சுவரிடம் சொல்வது என்று நாக்கு நுனி வரை வந்தது, குரல் இல்லாததால் பிழைத்தாள். ஆனால் அவளும் அழுதாள். பொய்யாக அழவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மாமி தன் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் போட்டார். மீதி இத்தா அங்கேதான். தூக்கத்தில் திரும்பிப் படுத்தால்கூட, "ஆபிதா, இருக்கியா?" என்று கேட்பார். சில சமயம் தொல்லையாகக்கூட இருக்கும். நூர்ஜஹான் அந்தப் பின் அறைப் பக்கமே போவதில்லை. அங்கே ஜின் இருக்கிறது என்கிறாள். ஒரு மீன்காரம்மா பேரை ஜின் எதற்காகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.  எங்கள் பள்ளிவாசல் ஆலிமிடமும் நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அல்லாஹ்வே அறிந்தவன். குரல் யாருடையது என்று தேடாதேம்மா. அனுப்பினவனுக்கு நன்றி சொல்லு" என்றார். நான் தேடவில்லை. ஆனால் இதை எழுதும்போதும் பின்கழுத்தில் சில்லென்றுதான் இருக்கிறது.

இப்போது கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். என் அண்ணன் பெருநாளுக்கு மட்டும்தான் போன் செய்கிறார். அது இன்னும் வலிக்கத்தான் செய்கிறது, வலிக்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வலியோடு நான் தனியாக இல்லை. நம் பள்ளிவாசல் மஹல்லாவில் யாராவது இத்தாவில் உட்கார்ந்தால் கடையை மூடிவிட்டுப் போய்விடுவேன். போனதும் முதல் வேலை, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது. கதவைத் திறந்தே வைக்கச் சொல்வேன். இது மார்க்கம், இது உங்கள் வழக்கம் என்று வீட்டாரிடம் பிரித்தும் சொல்வேன். சண்டைக்காரி என்று பேர் எடுத்தாயிற்று. பரவாயில்லை, ஏதோ ஒரு பேர்.

கன்னியம்மா தினமும் வருகிறாள். சில நாள் தெருமுனையில் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையைச் சாய்த்தபடி சும்மா நிற்பாள். ஒரு நாள் என்ன என்று கேட்டேன். "இன்னொரு தபா கூப்டுமான்னு பாத்துகினு கீறேன்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

சகோதரிகளே, உங்களில் யாராவது இப்போது ஒரு மூடிய அறையில் இருக்கலாம். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் கணக்கில் சேராதவராக இருக்கலாம். அவனிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் கேளுங்கள், அவன் தாங்குவான். பதில் உங்கள் காதில் விழவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். எனக்கும் விழவில்லை. நான் தரையில் முகம் புதைத்துக் கிடந்த அந்த நேரத்தில், எனக்குக் கேட்காத அந்தக் குரலைக் கேட்டு, ஆட்டோவில் வைத்த காலை எடுத்துக்கொண்டு ஒருத்தி என்னை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். அல்ஹம்துலில்லாஹ்.